நெடி வராத மிளகாய்

மிளகாயை நெருப்பில் போட்டால் நெடி வரும், இருமல் வரும். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி வராமல் போன ஒரு வெயில்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த கூத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தலை சுற்றுகிறது. எது நிஜம், எது பயம், யாருடைய நாக்கு சரி, யாருடைய கண் தப்பு என்று அப்போது ஒன்றும் புரியவில்லை. இப்போதும் பாதிதான் புரிகிறது. புரிந்த பாதியை எழுதி வைக்கிறேன்.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியின் பின்சுவரை ஒட்டி வரிசையாக வீடுகள் இருந்தன. கடைசி இரண்டு வீட்டில் ஒன்று எங்களுடையது. எங்களுடையது என்றால் நான், வீட்டுக்காரர், மாமியார், பிறந்து சில மாதமே ஆன என் மகன். வீட்டுக்காரருக்குப் பட்டைக் கிடங்கில் வேலை. தோலைப் பதம் பண்ண ஆவாரம்பட்டை ஆலங்காயம் பக்கத்துக் காடுகளிலிருந்து வண்டி வண்டியாக வரும். அது போதாதென்று எந்த தேசத்திலிருந்தோ வாட்டில் பட்டை என்று ஒன்று கப்பலேறிப் பட்டணம் வந்து, அங்கிருந்து ரயிலில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதையெல்லாம் சுமந்து அடுக்குவதும், குழியில் ஊறிச் சாரம் போன சக்கையை வாரி வெளியே கொட்டுவதும் அவர் வேலை. அந்தச் சக்கை எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் குவிந்து கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அப்படி ஒரு நாற்றம் இருப்பதே அவர்கள் மூக்கைப் பொத்தினால்தான் ஞாபகம் வரும்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டம்மாவை நான் ஆபா என்று கூப்பிடுவேன். அவர்கள் பாஷையில் அக்கா. அவள் புருஷன் அதே டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் ஓலைத் தட்டி, அதில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு படல். அந்தப் படல் வழியாக என் மகனுக்கு உயிர் வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

பிள்ளை பெற்ற சூட்டோடு எனக்குக் காய்ச்சல் வந்து, பால் வற்றிப்போயிற்று. என்னென்னவோ கொடுத்துப் பார்த்தார்கள். பூண்டு, பால்சுறா, வெந்தயக் கஞ்சி. ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டுப்பாலைச் சங்கில் ஊற்றினால் குடித்த வேகத்தில் கக்குவான். தொடை சுருங்கித் தோல் தொங்கிற்று. ஆபாவுக்கு அப்போது கைக்குழந்தை ஒன்று, பெண். ஒரு நாள் காலை, இவன் அழுகிற அழுகையைத் தாங்காமல் அவள் படலைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க வூட்டுக்காரரைக் கேட்டுட்டேன், தங்கச்சி. குடு இங்கே" என்றாள்.

பால் கொடுக்கப் புருஷனை எதற்குக் கேட்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். அவர்கள் மார்க்கத்தில் பால் குடித்த பிள்ளை பெற்ற பிள்ளைக்குச் சமம். தூத் பேட்டா, பால் மகன். அவள் பெண்ணுக்கு இவன் கூடப்பிறந்த தம்பி. பிற்காலத்தில் இவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சே எடுக்க முடியாது. "அந்தக் கவலையை இப்பவே வுட்டுடு" என்று சிரித்தாள். இவன் முட்டி முட்டிக் குடித்தான். நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன்.

மாமியார் தடுக்கவில்லை. என் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பாடினால் மற்றவர்கள் பாடுவது கேட்காது. அதே ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் உப்பும் மிளகாயும் எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றிப் போடுவார். போதகருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் அத்தே என்று ஒரு தரம் கேட்டேன். "அவரு புள்ளைங்களுக்கு யாரு சுத்திப் போட்டதுன்னு நெனைக்கறே?" என்றார்.

இனி அந்தச் செடி. பட்டைச் சக்கைக் குவியலின் ஓரத்தில், இரண்டு வீட்டுக்கும் பொதுவான இடத்தில், தானாக முளைத்தது. நான் நட்டது இல்லை. ஆபாவும் நடவில்லை. ஆலங்காயத்து வண்டியில் வந்த விதை என்றார் ஆபா வீட்டுக்காரர். கப்பல் மூட்டையில் வந்தது என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு பேரும் இதைப் பற்றித் தீர்மானமாகப் பேசினார்களே தவிர, இரண்டு பேருக்கும் தெரியாது. இலையைப் பார்த்தால் மிளகாய்ச் செடி. பூவும் மிளகாய்ப் பூ. காய்த்தபோது குண்டாக, பெரிய நெல்லிக்காய் அளவில், மேலே அமுங்கி, வரிவரியாக இருந்தது. பழுத்ததும் அப்படி ஒரு சிவப்பு. நிறைய காய்த்தது. காசு கொடுக்காமல் கிடைத்த எதையும் மாமியார் விடமாட்டார். குண்டு மிளகாயில் இது ஒரு ஜாதி என்று சொல்லி, பறித்து முறத்தில் போட்டுக் காயவைத்தார். வேலூர்ப் பக்கத்து வெயிலுக்கு மிளகாய் எம்மாத்திரம், கருங்கல்லே காயும். சுருங்கிக் கறுத்த சிவப்பில் கலகலவென்று ஆனதும் ஒரு சின்னப் பானையில் தனியாகப் போட்டு மூடினார்.

ஏன் தனியாக? அங்கேதான் எல்லாக் குழப்பமும் தொடங்கிற்று. டேனரிக் கழிவில் முளைத்ததைச் சாப்பாட்டில் போட அவருக்குப் பயம். எவன் விதையோ, எந்த மருந்துத் தண்ணி குடித்ததோ. அதே சமயம் தூக்கிப் போடவும் மனசு இல்லை. "கொழம்புக்குக் கடை மெளகா. சுத்திப் போட இது" என்று முடிவு செய்தார். நெருப்பில் போடுவதற்கு எந்த மிளகாயாக இருந்தால் என்ன? எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

ஆகவே அந்த மிளகாயை எங்கள் வீட்டில் ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

கொஞ்ச நாளில் பிள்ளைக்கு உடம்பு சுட்டது. வயிற்றாலும் போயிற்று. பல் முளைக்கிற நேரம், எல்லாப் பிள்ளைக்கும் வருகிறதுதான். மாமியார் உப்பு, தெருமண், விளக்குமாற்றுக் குச்சி, அந்தச் சின்னப் பானையிலிருந்து ஒரு கை மிளகாய் எல்லாம் எடுத்துப் பிள்ளையை உட்காரவைத்துச் சுற்றினார். த்தூ த்தூ என்று துப்பிவிட்டு அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. நான் வழக்கம்போல் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு இருமத் தயாராக நின்றேன்.

இருமல் வரவில்லை.

மிளகாய் நன்றாகத்தான் எரிந்தது. புகையும் வந்தது. ஆனால் அந்தப் புகையில் நெடியே இல்லை. வெல்லப் பாகு அடிப்பிடித்த மாதிரி ஒரு வாசனை மட்டும் வந்தது. மாமியார் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெடி அடித்தால் கண் படவில்லை, நிம்மதி. நெடி கம்மியாக இருந்தால் கொஞ்சம் கண். நெடியே இல்லாவிட்டால் பெரிய கண், மிளகாயின் காரத்தையே விழுங்கிவிட்ட கண்.

"என் வயசுக்கு இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லேம்மே" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் திரும்பச் சுற்றினார். இன்னும் ஜாஸ்தியாக மிளகாய் போட்டார். அப்போதும் அதே வெல்ல வாசனை. கண் இன்னும் இறங்கவில்லை என்று ஆயிற்று. அப்புறம் யாருடைய கண் என்ற கேள்வி. பிள்ளையைத் தினமும் மடியில் வைத்து, முகத்துக்கு முகம் பார்ப்பது யார்? அன்று காலைதான் ஆபா, பால் கொடுத்து முடித்து, அவன் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் நெட்டி முறித்து, "அரே, எவ்ளோ ஜாஸ்தி சதை போட்டுட்டான் பாரு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். மாமியார் அதைக் கேட்டிருந்தார்.

"அவ கண்ணுதான்" என்று கத்தினார். அந்த ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஈ பறந்தால் இந்தப் பக்கம் கேட்கும். கத்திக்கொண்டே போய்ப் படலை இழுத்துச் சாத்தி, மூட்டை கட்டுகிற கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் அம்மா முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "நான் இன்னாமே பண்ணட்டும்? நெடி வரலேன்னு சொல்றாங்களே" என்றார். அதுதான் எனக்கும் பதில் தெரியாத இடம். நெடி வரவில்லைதான். நானே நின்று பார்த்தேன். ஆபா என் பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பாள் என்று நான் ஒரு நிமிஷமும் நம்பவில்லை. ஆனால் கண் என்பது நினைத்துப் படுவதில்லை என்று சொல்வார்களே. ஆசையாகப் பார்த்தாலும் படும் என்பார்களே. அந்த அடுப்பில் போட்ட மிளகாய் யாரிடமோ போய்ப் பொய் சொல்லுமா? யோசித்து யோசித்து மண்டை குழம்பியதுதான் மிச்சம்.

பிள்ளை ஆட்டுப்பாலைக் கக்கினான். அழுதான். குரல் கட்டி, பூனைக்குட்டி மாதிரி முனகினான். இவன் அழுதால் தட்டிக்கு அந்தப் பக்கம் நடமாட்டம் நின்றுவிடும். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டால் பால் தானாகச் சுரந்து துணி நனையும் என்று பெற்றவளுக்குத் தெரியும். அங்கே அவள் நனைந்துகொண்டிருந்தாள், இங்கே இவன் காய்ந்துகொண்டிருந்தான். நடுவே ஓர் ஓலைத் தட்டி. எனக்கு வந்த கோபத்தில் அதைக் கொளுத்திப் போடலாம் போல இருந்தது.

மாமியார் பாலாற்று ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரம். பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டான். நான் பின்னால் போய் அந்தக் குவியல் ஓரம் உட்கார்ந்தேன். அந்தச் செடி எதுவும் நடக்காத மாதிரி சிவப்புச் சிவப்பாகக் காய்த்து நின்றது. யார் மேல் காட்டுவது என்று தெரியாத கோபம். ஒரு பழத்தைப் பறித்தேன். வாய் வெந்தால் வேகட்டும் என்று முழுசாக வாயில் போட்டுக் கடித்தேன்.

இனித்தது.

சதை தடியாக, தண்ணீராக, மொறுக்கென்று இருந்தது. காரம் வரும், வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. விதையைத் தனியாக மென்றேன். ஒன்றுமில்லை. முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் நாக்கு செத்துவிட்டது என்று தோன்றியது. கண் என் மேலும் பட்டுவிட்டது, அதுதான் மிளகாய் இனிக்கிறது என்று நினைத்தேன். உள்ளே ஓடி ஒரு கல் உப்பை வாயில் போட்டேன், கரித்தது. கடை மிளகாய் ஒன்றை எடுத்துக் கடித்தேன். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் கொட்டி, வெறும் பானையைக் கவிழ்த்துத் தண்ணீர் தேடினேன். எரிச்சலில் குதித்துக்கொண்டே சிரித்தேன். நாக்கு சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் அந்தச் செடிதான் ஏதோ வேறு மாதிரி.

இன்னும் இரண்டு பறித்துக்கொண்டு தட்டிக்குப் போனேன். "ஆபா, இதைக் கடிச்சுப் பாரு" என்று ஓலை இடுக்கில் நீட்டினேன். அவள் அந்தப் பக்கம் தட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கினாள். ஏன் இப்படிச் செய்கிறாள், என் மேல் வருத்தமா என்று தெரியவில்லை. கடிக்கிற சத்தம் கேட்டது.

"மீட்டா" என்றாள். "இனிக்குது. மெளகா எப்பிடிம்மா இனிக்கும்?"

"நெருப்புல போட்டது இதுதான் ஆபா. அதான் நெடி வரலே. உன் மேல ஒண்ணுமில்லே."

"செடி இனிக்குது, சரி" என்றாள், இன்னும் திரும்பாமலே. "ஆனா புள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சே, அது?"

உள்ளே பிள்ளை முனகினான், ஓடினேன்.

மாமியார் வந்ததும் வாய் நிறையச் சொன்னேன். அந்த மிளகாய் இனிக்கிறது அத்தே, காரமே கிடையாது, அதனால்தான் நெடி வரவில்லை. அவர் குடத்தை இறக்கிவிட்டு என்னைப் பயத்தோடு பார்த்தார். "மெளகா இனிக்குதா? உன் நாக்கு மேலயும் பட்டிருக்குதும்மே" என்றார். கடித்துப் பாருங்கள் என்றால், சாக்கடையில் முளைத்ததை நான் தின்னுவேனா என்றார். அடுப்பில் போட்டுக் காட்டட்டுமா என்றால், அதைத்தானே போட்டேன், நெடி வரவில்லையே என்றார். எந்தப் பக்கம் போனாலும் அவரிடம் அந்தக் கண்தான் வந்து நின்றது. வாதாடி ஜெயிக்கிற ஆள் இல்லை அவர். சாப்பிட்டால்தான் உண்டு என்று முடிவு செய்தேன்.

ஆனால் காரமில்லாத மிளகாயை என்ன செய்து சாப்பிடுவது? முதலில் மிளகாய் என்ற நினைப்பில் எண்ணெயில் கிள்ளிப் போட்டுத் தாளித்துப் பார்த்தேன். வெந்த பூசணித் தோல் மாதிரி சோர்ந்துபோயிற்று. ரசத்தில் போட்டேன், ரசம் பாயசத்துக்கும் ரசத்துக்கும் நடுவே நின்றது. தூக்கிக் கொட்டினேன். மறுநாள் காலை மாமியார் வேறெங்கோ போயிருந்தபோது தட்டி ஓரம் போய்க் கேட்டேன். ஆபா முதுகைத் திருப்பிக்கொண்டே வழி சொன்னாள். "மெளகான்னு நெனைக்காதே. கத்திரிக்கான்னு நெனைச்சுக்கோ."

அப்புறம்தான் கை நிதானத்துக்கு வந்தது. காம்பைச் சுற்றி மூடி மாதிரி வெட்டி எடுத்து, உள்ளே விதையைச் சுரண்டினேன். வேர்க்கடலையை வறுத்து, எள், கொத்துமல்லி விதை, பூண்டு, கொஞ்சம் புளி, உப்பு சேர்த்து அம்மியில் கெட்டியாக அரைத்தேன். காரம் வேண்டுமே, மிளகாய்ப்பொடியும் போட்டேன். மிளகாய்க்கு மிளகாய்ப்பொடி போட்ட முதல் பைத்தியம் ஆம்பூரில் நான்தான். ஒவ்வொன்றிலும் அடைத்து, மூடியைத் திரும்ப வைத்து, கடலெண்ணெயில் அடுக்கி, மெல்லிய தணலில் திருப்பித் திருப்பி வேகவைத்தேன். தோல் சுருங்கிப் பளபளத்தது. புளிப்பும் காரமும் மேலே, கடித்தால் உள்ளேயிருந்து ஓர் இனிப்பு. எத்தனையோ வருஷம் கழித்துப் பெங்களூரில் கொடைமிளகாய் என்று பச்சையாக ஒன்று வாங்கி இதே மாதிரி செய்தேன். அது ஒரு மாதிரி இலை வாசனை அடித்தது. எங்கள் குவியலில் முளைத்தது அந்த ஜாதி இல்லை. காய்த்த வருஷத்து மழையிலேயே செடி அழுகிப்போனது, அதன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

மத்தியானம் மாமியாருக்குச் சோறு போட்டு, இரண்டை ஓரத்தில் வைத்தேன். சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். அப்புறம் மறுபடியும் ஒன்று கேட்டார்.

"நல்லாருக்குதும்மே. இன்னா காய் இது?"

வெட்டாத பழத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. அடிக்க வருவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து கை கழுவினார். சின்னப் பானையைத் திறந்து காய்ந்தது ஒன்றை எடுத்தார். உடைத்தார், நாக்கில் வைத்தார், விதையை மென்றார். நெற்றி சுருங்கிற்று. இன்னொன்றை மென்றார். பிறகு அடுப்பங்கரைக்குப் போய் அதில் ஒரு கை எடுத்துத் தணலில் போட்டார். வெல்ல வாசனை. கடை மிளகாயில் ஒரு கை போட்டார். வீடே இருமியது. பிள்ளை தும்மினான், நான் வாசலுக்கு ஓடினேன். அவர் மட்டும் கண்ணில் நீர் வழிய அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

புகை அடங்கினதும், சின்னப் பெண் கேட்கிற மாதிரி என்னைக் கேட்டார். "அப்போ கண்ணு பட்டுச்சா, படலியாம்மே?"

"தெரியலை அத்தே" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. காய்ச்சல் தானாக வந்து தானாகப் போயிருந்தது. மிளகாய் எதையும் சொல்லவில்லை, எங்களால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

அவர் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பின்னால் போய்க் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். அவரே இறுக்கின முடிச்சு, அவிழவில்லை. அரிவாள்மணையைக் கொண்டுவரச் சொல்லி அறுத்தார். படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். ஆபா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மாமியார் பிள்ளையை நீட்டினார்.

ஆபா முந்தானையை எடுத்துத் தலையில் போட்டாள். பிறகு அதை இழுத்து நெற்றி, கண், மூக்கு எல்லாம் மறைய மோவாய் வரைக்கும் இறக்கிக்கொண்டாள். அப்புறம்தான் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். தடவிப் பார்த்து மடியில் சரித்து, அவன் முகத்தைப் பார்க்காமலே பால் கொடுத்தாள். தட்டிக்கு ஏன் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இனிப்பு மிளகாயைத் தின்ற பிறகும் அவள் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

இவன் பசியில் குடித்தான். குடிக்கும்போது அவள் காதில் வரிசையாகத் தொங்குகிற வளையங்களைப் பிடித்து ஆட்டுவது இவன் வழக்கம். கையை உயர்த்தித் துழாவினான். துணிதான் அகப்பட்டது. இழுத்தான். அவள் விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு முழங்காலில் கை ஊன்றி அவள் முன்னால் உட்கார்ந்தார். நெடி இன்னும் அடங்காத சிவந்த கண்ணோடு, அந்தத் துணியை அவள் விரலிலிருந்து விடுவித்துத் தலைக்குப் பின்னால் தள்ளினார்.

"பாரும்மா" என்றார். "பால் குடிக்கிற புள்ளையைப் பாக்காம இருப்பாங்களா? உன் புள்ளதானே. நல்லா பாரு."

ஆபா குனிந்து பார்த்தாள். அன்று சாயந்திரம் மாமியார் யாருக்கும் சுற்றிப் போடவில்லை.